பழைய பேஸ் கிட்டார் அசல்தானா? உள்ளிருந்து வெளியே சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

பேஸ் கிட்டாரில் ஏமாற்றுவதற்கு மிக வசதியான இடம் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பிகளை முறுக்கும் ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதி. ஒரு லோகோவையும் ஒரு சீரியல் எண்ணையும் அங்கே ஏற்றுவது பெரிய வேலையே இல்லை. ஆனால் நெக்கின் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) அடிப்பகுதி, பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) கீழ்ப்பக்கம், குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்களின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மின்தடைகள்) முதுகு, பெயின்ட் படாத துளைகள் என்று அத்தனையையும் ஒரே ஆண்டைச் சொல்லும்படி செய்வது மிகக் கடினம். வாங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் சீரியல் எண்ணைத் தேடுகிறார்கள், அது பொருந்தியதும் நின்றுவிடுகிறார்கள். அந்த எண்ணைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதுதான் உண்மையான கேள்வி.

போலி என்றால் எந்தப் போலி?

தொடக்கம் முதலே கள்ளத்தனமாகச் செய்து பெரிய பெயரை ஒட்டி விற்கும் கருவி ஒரு வகை. இதைக் கண்டுபிடிப்பது எளிது. அதைவிட அதிகம் புழங்குவது பெயர் மாற்றம்: ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குவையரை எடுத்து, அதன் பெயரைத் தேய்த்துவிட்டு ஃபெண்டர் என்று ஒட்டுவது. ஸ்குவையர் நல்ல கருவியாகவே இருக்கலாம். பொய் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. மூன்றாவது, கலவை: அசல் நெக், வேறொரு பாடி, எங்கிருந்தோ வந்த பிக்கப். ஸ்க்ரூ போட்டு இணைத்த நெக் உள்ள பேஸில் இது ஒரு மணி நேர வேலை. நான்காவது, மறுபதிப்பைப் பழைய அசலாகக் காட்டுவது. 1960களின் மாடலைப் பின்பற்றி 1982 முதல் ஃபெண்டரே செய்த கருவிகள் இதற்கு அதிகம் பயன்படுகின்றன. எல்லாப் பாகமும் ஃபெண்டர்தான், ஆண்டு மட்டும் பொய் என்பதால் கண்டுபிடிக்க மிகவும் கஷ்டமானது இதுவே.

அதனால் வேலையைத் தொடங்கும் முன் விற்பவர் சொல்வதை ஒரே வரியில் எழுதி வையுங்கள்: நிறுவனம், மாடல், நாடு, ஆண்டு, எந்தெந்தப் பாகங்கள் மாற்றப்பட்டவை. இனி செய்யப்போகும் ஒவ்வொரு சோதனையும் அந்த வரியோடு மோதிப் பார்ப்பதுதான்.

படி 1: நேரில் போகும் முன் படங்கள்

ஹெட்ஸ்டாக்கின் முன்புறம் நேராக, பின்புறம் நேராக, சீரியல் எண் அருகில் இருந்து, நெக் பிளேட் (நெக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் உள்ள பின்புறத் தகடு), பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் முடியும் பாகம்), குமிழ்கள் இருக்கும் குழியின் உட்புறம், நெக்கைக் கழற்றியபின் அதன் அடிப்பகுதி, நெக் உட்காரும் பள்ளம் ஆகிய இத்தனை படங்களையும் கேளுங்கள். அன்றைய தேதி எழுதிய ஒரு தாள் எல்லாப் படத்திலும் தெரிய வேண்டும். வேறொருவரின் விற்பனைப் படங்களை எடுத்து அனுப்பும் மோசடி அதிலேயே நின்றுவிடும். நெக்கைக் கழற்றத் தயங்குவது குற்றமில்லை, பலருக்கு அது பயம். ஆனால் மிகப் பழையது என்று சொல்லி விற்பவர் உட்புறத்தைக் காட்டவே மாட்டேன் என்றால், அந்தப் பழமைக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

எடுத்துப்போக வேண்டியவை: மல்டிமீட்டர், புற ஊதா டார்ச், பூதக்கண்ணாடி, 2ஆம் எண் பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர், அங்குல அளவிலும் மில்லிமீட்டர் அளவிலும் ஆலன் கீ, வெர்னியர் காலிப்பர், அளவு நாடா. கருவியைப் படுக்க வைக்க ஒரு தடித்த துணி.

படி 2: அளவுகள்

நட்டின் (ஹெட்ஸ்டாக்கை ஒட்டிக் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை) முன் விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நடு உச்சிவரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அதுதான் ஸ்கேல் நீளம். ஃபெண்டரின் ப்ரிசிஷன், ஜாஸ் மாடல்கள் இரண்டுக்கும் 34 அங்குலம், அதாவது பாதி 431.8 மி.மீ. வர வேண்டும். ரிக்கன்பேக்கர் 4001, 4003 இரண்டும் 33¼ அங்குலம். பாதி ஏறக்குறைய 422 மி.மீ. கிப்சன் இபி வரிசையின் குட்டை ஸ்கேல் 30½ அங்குலம். இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசம் கூட இங்கே அளவுப் பிழை அல்ல. ரிக்கன்பேக்கர் போலத் தெரியும் ஒரு கருவி 34 அங்குலம் காட்டினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

அடுத்து நட்டின் அகலம். ஜாஸ் பேஸுக்கு 1½ அங்குலம், 38.1 மி.மீ. ப்ரிசிஷன் அதைவிட அகலம்: இன்றைய மாடல்களில் 1⅝ அங்குலம், பழையவற்றில் 1¾ அங்குலம்வரை. ஆனால் ஜாஸ் நெக் அகலத்திலேயே தொழிற்சாலையில் செய்த ப்ரிசிஷன்களும் உண்டு. எனவே நட்டின் அகலம் மட்டும் எதையும் தீர்ப்பதில்லை. பின்னால் வரும் நெக் முத்திரையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாடியின் தடிமனைக் காலிப்பரில் அளங்கள். வழக்கமான ஃபெண்டர் பாடி 1¾ அங்குலம், ஏறக்குறைய 44.5 மி.மீ. ஸ்குவையர் அஃபினிட்டி வரிசையின் பாடிகள் இதைவிட மெலிந்தவை, கண்ணுக்கே தெரியும். லோகோ ஃபெண்டர், பாடி 40 மி.மீ. என்றால் பேச்சு முடிந்தது. எடையை நம்ப வேண்டாம். ஒரே மாடலில் ஒன்று 3.7 கிலோவும் இன்னொன்று 4.8 கிலோவும் இருப்பது மரத்தின் இயல்பு.

படி 3: ஹெட்ஸ்டாக்

லோகோவைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச்சை மரத்தோடு ஏறக்குறையப் படுக்க வைத்தால் ஒட்டுப் படலத்தின் விளிம்பு தெரியும். லோகோ பூச்சுக்கு மேலே இருந்தால் போலி என்று பலர் சொல்வார்கள், அது தவறு. 1960களின் பிற்பகுதிவரை ஃபெண்டரே லோகோவைப் பூச்சுக்கு மேல்தான் ஒட்டியது. அந்தக் காலத்து லோகோ முழுக்கப் பளபளப்பான பூச்சுக்கு அடியில் இருந்தால், அந்த ஹெட்ஸ்டாக்கை யாரோ பின்னால் மறுபடி பூசியிருக்கிறார்கள். அதே பெயர், அதே ஆண்டு, அதே நாட்டு அசலின் படத்தை அருகில் வைத்து எழுத்துகளின் இடைவெளி, சாய்வு, அருகிலுள்ள ட்யூனர் துளைக்கும் லோகோவுக்கும் உள்ள தூரம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். பொய்யான ஒட்டில் எழுத்து வடிவம் சரியாக இருந்தும் இடம் பிசகியிருக்கும்.

பெயரைத் தேய்த்து எடுத்தவர் மரத்தையும் கொஞ்சம் எடுத்துவிடுகிறார். ஹெட்ஸ்டாக்கின் முன்முகத்தில் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். நடுவில் பள்ளமாக இருந்தால், அல்லது ட்யூனர் வளையங்களைச் சுற்றி மட்டும் பழைய பூச்சு மேடாக நின்றால், அங்கே மணல்தாள் ஓடியிருக்கிறது. பின்புறத்திலும் இதே சோதனை. ஸ்குவையரின் எண்களும், மெக்சிகோவில் செய்தவற்றின் எண்ணும் நாட்டின் பெயரும் பொதுவாக ஹெட்ஸ்டாக்கில்தான் இருக்கும் என்பதால், அழிப்பு வேலையும் அங்கேயே நடக்கும். மங்கிய வெளிச்சத்தில் புற ஊதா டார்ச்சை அடித்தால் அழித்த இடம் சுற்றுப்புறத்தைவிட வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும்.

ட்யூனர் ஒன்றின் ஸ்க்ரூவைக் கழற்றி அடியில் பாருங்கள். வேறு வடிவ ட்யூனரின் தடமும், அடைத்த துளையும் இருந்தால் அவை மாற்றப்பட்டவை. இது தனியாகப் பெரிய குறையில்லை. ஆனால் மாற்றவே இல்லை என்று விற்பவர் சொல்லியிருந்தால், அவருடைய மற்ற வார்த்தைகளையும் இனி சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

1960களின் ரோஸ்வுட் விரல்பலகை ஃபெண்டர் என்று சொன்னால் நெக்கின் பின்புறம் நீளமாக ஓடும் கருமரப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து ரோஸ்வுட் நெக்கில் டிரஸ் ராடை (நெக் வளையாமல் தாங்கும் உலோகத் தண்டு) முன்புறமிருந்து வைத்து விரல்பலகையால் மூடினார்கள். பின்னால் பட்டைக்கு வேலையில்லை. பட்டை இருந்தால் அந்த ஆண்டு பொய்.

படி 4: நெக்கைக் கழற்றுவது

இங்கே அவசரம் கூடாது. முதலில் கம்பிகளை முழுவதும் தளர்த்துங்கள்; இழுவை இருக்கும்போது ஸ்க்ரூவை எடுத்தால் நெக் பள்ளத்தின் ஓரம் உடையும். நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். நெக் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் ஆட்டாதீர்கள், பெயின்ட் பெயரும். நேராக மேல்நோக்கித் தூக்கினால் வந்துவிடும். அடியில் காகிதமோ தகடோ வைத்திருந்தால் அது எப்படி இருந்ததென்று படமெடுத்து அப்படியே திரும்ப வையுங்கள்.

நெக்கின் அடியில் என்ன எழுதியிருக்கிறது? 1960களின் தொடக்கம்வரை ஃபெண்டரில் பென்சிலில் தேதி எழுதுவார்கள். அதன்பின் முத்திரை வந்தது: மாடல் எண், மாதம், ஆண்டு, கடைசியில் நட் அகலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. ஏ என்றால் 1½ அங்குலம், பி என்றால் 1⅝, சி என்றால் 1¾. படி 2இல் அளந்த அகலம் இந்த எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். தேதியே இல்லாத அசல் நெக்குகளும் உண்டு, 1970களில் குறிப்பாக. அது இல்லாததை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆனால் ஃபெண்டரின் உரிமம் பெற்றுச் செய்தது என்ற ஆங்கில முத்திரை அடியில் இருந்தால், அது உரிமம் பெற்று வெளியார் செய்து தனியாக விற்ற நெக். அதன் தலையில் தொழிற்சாலை லோகோ இருக்கவே முடியாது.

பள்ளத்தைப் பாருங்கள். பழைய ஃபெண்டர்களில் பெயின்ட் அடிக்கும்போது பாடியைப் பிடித்திருந்த கட்டையின் தடம், பெயின்ட் படாத திட்டாகப் பள்ளத்தில் இருப்பதுண்டு. 1960களின் தொடக்கம்வரையிலான பாடிகளில் சிறு ஆணித் துளைகளும் இருக்கும். ஆணியைப் பெயின்ட் அடித்த பிறகு பிடுங்கியதால் துளைக்குள் பெயின்ட் இருக்காது. துளைக்குள்ளும் பெயின்ட் ஓடியிருந்தால், பாடி பின்னால் மறுபடி அடிக்கப்பட்டது. இந்த ஒரு சிறு விவரம் ஒட்டுமொத்த மதிப்பையே மாற்றிவிடும்.

திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் இடப்புறமாக மெதுவாகத் திருப்புங்கள். பழைய புரியில் லேசாக விழுவது கையில் தெரியும். அதன்பிறகே முறுக்குங்கள். நேரடியாக முறுக்கினால் மரத்தில் புதுப் புரி வெட்டி, பிடிப்பு போய்விடும்.

படி 5: மின்பாகங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில் அதிக நேரம் செலவிடுங்கள். வெளியே தெரியாத இடம் என்பதால் ஏமாற்றுபவர்கள் பெரும்பாலும் இங்கே கைவைப்பதில்லை.

ஒவ்வொரு பாட்டின் முதுகிலோ விளிம்பிலோ ஒரு எண் குத்தியிருக்கும். அமெரிக்கப் பாட்களில் முதல் மூன்று இலக்கம் செய்தவரைக் குறிக்கும்: 137 சிடிஎஸ், 304 ஸ்டாக்போல், 134 சென்ட்ராலாப். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு அந்த ஆண்டின் வாரம். 1377633 என்றால் சிடிஎஸ், 1976ஆம் ஆண்டின் 33ஆம் வாரம். 1950களின் பாட்களில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான். இந்தத் தேதி, கருவி அதற்கு முன் பிறந்திருக்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறது, பின்னால் பிறந்திருக்கலாம். 1966இல் வாங்கிக் குவித்த பாட்களை ஃபெண்டர் அதற்குப் பின் சில ஆண்டுகள் பயன்படுத்தியது. எனவே 1968 பேஸில் 1966 பாட் இருந்தால் இயல்பு. 1964 பேஸில் 1966 பாட் இருந்தால், பாட் மாற்றப்பட்டது அல்லது ஆண்டு பொய்.

அமெரிக்காவில் செய்த பாசிவ் (பேட்டரி இல்லாத) ஜாஸ், ப்ரிசிஷன் என்று சொல்லும் கருவியில் 24 மி.மீ. விட்டமுள்ள பெரிய பாட்களுக்குப் பதில் 16 மி.மீ. குட்டிப் பாட்கள் இருந்தால் சந்தேகப்படுங்கள். பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ்களில் குட்டிப் பாட்கள் சாதாரணம். அங்கே இந்த விதி செல்லாது. பற்றவைப்பையும் பாருங்கள். பழைய ஈயம் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். ஒரு முனை மட்டும் பளபளவென்று, சுற்றிலும் பழுப்பு ஃப்ளக்ஸ் கறையோடு இருந்தால் அந்த முனையில் ஏதோ மாறியிருக்கிறது.

மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, கேபிளைச் செருகி, அதன் மறுமுனையின் நுனிக்கும் உடலுக்கும் இடையே அளங்கள். எல்லாக் குமிழும் முழுவதும் திறந்திருக்க வேண்டும். ப்ரிசிஷனில் 10 முதல் 11 கிலோ ஓம் வரும். ஜாஸில் இரண்டு பிக்கப்பும் இணையாக இருப்பதால் 3.5 முதல் 4 வரும். ஒரு வால்யூமை முழுவதும் மூடினால் ஏறக்குறைய 7 ஆகும். ஜாஸில் முழுவதும் திறந்தே 7 காட்டினால் ஒரு பிக்கப் செத்திருக்கிறது என்று பொருள். போலி என்று அல்ல. ஆக்டிவ் கருவியில் இப்படி வெளியிலிருந்து அளப்பது வீண்.

அடுத்து பிக்கப்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஃபெண்டரின் வழக்கமான பிக்கப்பில் கம்பிக்குக் கீழே நிற்கும் தண்டுகளே அல்னிகோ காந்தங்கள். மலிவுப் பிக்கப்பில் தண்டுகள் வெறும் எஃகு, அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டை ஒட்டியிருக்கும். லோகோ அமெரிக்கா என்று சொல்லி, அடியில் பட்டைக் காந்தம் தெரிந்தால் குறைந்தது பிக்கப் அசல் இல்லை. 1964க்குப் பிந்தைய பழைய ஃபெண்டர் பிக்கப்களின் அடித்தட்டு சாம்பல் நிறம், அதற்கு முன் கறுப்பு.

கையில் இருக்கும் ஆலன் கீகளுக்கும் இங்கே வேலை உண்டு. அமெரிக்காவில் செய்தவற்றின் குமிழ், சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு), டிரஸ் ராட் ஸ்க்ரூக்கள் அங்குல அளவு. கிழக்காசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர். மில்லிமீட்டர் கீ மட்டுமே இறுக்கமாகப் பொருந்தினால் அந்தப் பாகம் அமெரிக்கத் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. ஆனால் பொருந்தாத கீயைப் போட்டு டிரஸ் ராடைத் திருப்பிப் பார்க்காதீர்கள். உள்முனை உருண்டுவிட்டால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

படி 6: பூச்சும் தேய்மானமும்

பழைய நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு புற ஊதா வெளிச்சத்தில் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். புதுப் பூச்சும் பாலியூரித்தேனும் அப்படி ஒளிராது. ஒட்டுப்போட்ட இடம் கருந்திட்டாகத் தெரியும். ஃபெண்டர் 1960களின் கடைசியில் பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது, ஆகவே 1970களின் பாடி ஒளிரவில்லை என்று பதற வேண்டாம்.

பிக்கார்டை (பாடியின் முகத்தை மூடும் தகடு) கழற்றினால் அடியில் நிறம் புதிதாக, வெளிப்புறத்தில் மஞ்சள் ஏறி மங்கியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிறம் என்றால் பல ஆண்டு வெளிச்சம் அதன்மேல் படவில்லை. தேய்மானத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு: முன்கை உரசும் மேல்விளிம்பு, பெல்ட் உரசும் பின்புறம், கட்டைவிரல் ஊன்றும் பிக்கப் ஓரம். பாடி உரிந்து மரம் தெரிய, ஃப்ரெட்கள் மட்டும் புதிதாக, நெக்கின் பின்புறம் வழுவழுப்பு குறையாமல் இருந்தால், அந்தத் தேய்ப்பு மணல்தாளின் வேலை. துருவும் அப்படியே: ஸ்க்ரூ தலை துருவேறியிருக்க, அதன் புரி புதுப்பளபளப்பு என்றால் அமிலமோ உப்போ தடவியிருக்கிறார்கள்.

படி 7: இப்போது சீரியல் எண்

1976க்கு முந்தைய ஃபெண்டர்களில் எண் பெரும்பாலும் நெக் பிளேட்டில் இருக்கும். பிளேட்டை நான்கு ஸ்க்ரூவில் மாற்றிவிடலாம், அதனால் அது பாடிக்கோ நெக்கிற்கோ சாட்சி ஆகாது. வி எழுத்தில் தொடங்கும் பிளேட், 1982 முதல் வந்த அமெரிக்க மறுபதிப்புகளுடையது. அந்தப் பிளேட்டைக் கழற்றி, 1960களின் எல் எழுத்துப் பிளேட்டைப் போட்டுப் பழையதாக விற்பதே மேலே சொன்ன நான்காம் வகைப் போலி. பாட் எண்ணும் புற ஊதா வெளிச்சமும்தான் அதைப் பிடிக்கும்.

1976 முதல் எண் ஹெட்ஸ்டாக்குக்கு வந்தது. முதல் எழுத்து எஸ் என்றால் எழுபதுகள், இ எண்பதுகள், என் தொண்ணூறுகள், இசட் 2000கள். 2010 முதல் யூஎஸ். மெக்சிகோவில் எம்என், எம்இசட், எம்எக்ஸ். ஓரிரு ஆண்டு முன்பின் போவது வழக்கம். ஜப்பானிலும் இ எழுத்து பயன்பட்டிருக்கிறது, எழுத்தை மட்டும் பார்த்து நாட்டை முடிவு செய்யாதீர்கள். ஸ்குவையரில் ஐசிஎஸ் என்றால் இந்தோனேசியா.

கிப்சனில் எண் பொதுவாக மரத்தில் அழுத்திக் குத்தியிருக்கும். 1977 முதல் 2005வரை எட்டு இலக்கம்: முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு, இடையில் உள்ள மூன்று இலக்கம் ஆண்டின் நாள். 81234501 என்றால் 1984ஆம் ஆண்டின் 123ஆம் நாள், அதாவது மே 2. நாள் எண் 366ஐத் தாண்டியிருந்தால் எண்ணே பொய். டிரஸ் ராட் மூடியில் மூன்று ஸ்க்ரூ இருந்தாலும் அது கிப்சன் அல்ல. கிப்சன் இரண்டு போடும். கிப்சனின் தண்டர்பேர்ட் மாடலில் ஸ்க்ரூ போட்டு இணைத்த நெக் இருந்தால், அதன் மலிவு வரிசையான எபிஃபோனில் பெயர் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

ரிக்கன்பேக்கரில் எண் கேபிள் செருகும் தகட்டில் இருக்கும். 1961 முதல் 1986வரை இரண்டு எழுத்து: முதலாவது ஆண்டு, ஏ 1961இல் தொடங்கி வரிசையாக, இரண்டாவது மாதம், ஏ முதல் எல் வரை. எம்ஏ என்றால் 1973 ஜனவரி. 4001, 4003 இரண்டிலும் நெக் பாடி வழியே முழுநீளம் ஓடும், டிரஸ் ராட் இரண்டு. பின்னால் நெக் பிளேட்டும் நான்கு ஸ்க்ரூவும் தெரிந்தால் வேறெதையும் பார்க்கவே தேவையில்லை.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976இல் வந்தது, நிறுவனம் 1984இல் எர்னி பாலுக்குப் போனது. 34 அங்குல ஸ்டிங்ரே தொடக்கத்திலிருந்தே ஆக்டிவ். 9 வோல்ட் பேட்டரிக்கு இடமே இல்லாத ஒன்று ஸ்டிங்ரே இல்லை. ட்யூனர்கள் மூன்றும் ஒன்றுமாகப் பிரிந்திருக்க வேண்டும். ஸ்டெர்லிங் என்ற உரிமம் பெற்ற மலிவு வரிசையில் பெயரை மாற்றியிருக்கிறார்களா என்று ஹெட்ஸ்டாக் சோதனையை இங்கேயும் செய்யுங்கள்.

எண்ணை நிறுவனத்தின் தேடல் பக்கத்தில் போட்டால் பொருத்தம் வரலாம். போலி செய்பவர் உண்மையான கருவியின் எண்ணையே நகலெடுப்பதால் அந்தப் பொருத்தம் பெரிய ஆறுதல் இல்லை. அதே எண்ணை இணையத்தில் தேடுங்கள். வேறு நிறத்தில், வேறு மாடலில், வேறொருவர் கையில் அந்த எண் கிடைத்தால் இரண்டில் ஒன்று பொய். திருட்டுப் பொருள் பட்டியலில் அது இருக்கிறதா என்பதும் அந்தத் தேடலிலேயே தெரிந்துவிடலாம். எண் சுரண்டப்பட்டிருந்தால், மற்றதெல்லாம் அசலாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

கணக்குப் போடுவது

பாகங்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றின் எதிரிலும் அது சொல்லும் ஆண்டையும் நாட்டையும் குறியுங்கள்: நெக், பாடி, பாட்கள், பிக்கப், பூச்சு, எண். எல்லாம் ஓரிரு ஆண்டுக்குள் நின்றால் கருவி அசல். ஒரே ஒரு பாட் மட்டும் பத்து ஆண்டு பிந்தியிருந்தால் பழுதுபார்த்திருக்கிறார்கள். நல்ல வாசிப்புக் கருவிக்கு இது நேர்வது இயல்பு, சேகரிப்பு மதிப்பு மட்டும் சற்றுக் குறையும். நெக்கும் பாடியும் வேறு வேறு ஆண்டு சொன்னால் அது கலவை, இரண்டும் அசலாகவே இருந்தாலும் பாகங்களின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். உள்ளே எல்லாம் மெக்சிகோ, தலையில் மட்டும் அமெரிக்கா என்றால் மெக்சிகோ விலைக்கும் வாங்காமல் திரும்புவது நல்லது: அதை ஒட்டியவர் வேறு எதை மறைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

விலை பெரிதாக இருந்து இன்னும் சந்தேகம் மிச்சமிருந்தால், நீங்கள் எடுத்த படங்களோடு பழைய கருவிகளைப் பழுதுபார்க்கும் கைவினைஞர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.